அப்பா எந்தப் பக்கம் இறங்குவார்?

கேள்வி: என் பெற்றோர் திருச்சியில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள், நான் பெங்களூரில். அப்பாவுக்கு 77 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலவீனம். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறார். அம்மாவுக்கு 71, இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். படுக்கையறையும் பாத்ரூமும் அப்பாவின் தொட்டிச் செடிகளும் மாடியில். சமையலறை, கூடம், பூஜை அறை, ஒரு சின்ன ஸ்டோர் ரூம் கீழே. படி மொத்தம் 18. ஒன்பதாவது படி முடிந்ததும் லேண்டிங், இடது பக்கம் திரும்பி மறுபடி ஒன்பது. கிரானைட் படி, மூன்றடி அகலம், உள்பக்கம் மட்டும் கைப்பிடி. அம்மாதான் கையைப் பிடித்து ஏற்றி இறக்குகிறார். போன மாதம் இரண்டு பேரும் சேர்ந்து தடுமாறிவிட்டார்கள். படியோரத் தண்டவாளத்தில் நாற்காலி ஏறி இறங்குகிற ஸ்டேர்லிஃப்ட் போட இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கினேன். வளைந்த தண்டவாளத்தில் கீழிருந்து மேல்வரை ஒரே நாற்காலி 8,75,000 ரூபாய். அல்லது இரண்டு நேர் லிஃப்ட், லேண்டிங்கில் மாறி உட்கார வேண்டும், 5,40,000 ரூபாய். இந்த வாரமே முன்பணம் கட்டினால் 75,000 தள்ளுபடியாம். என் கணவர், இவ்வளவு செலவு செய்வதற்கு ஹோம் லிஃப்டே போட்டுவிடலாம் என்கிறார். எதை வாங்குவது?

– மகள், பெங்களூரு

பதில்: எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், “இரண்டு பேரும் சேர்ந்து தடுமாறிவிட்டார்கள்” என்ற வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வளைந்த தண்டவாளம் உங்கள் வீட்டுப் படியை அளந்து அதற்கென்றே செய்து வர வேண்டிய பொருள். இன்று பணம் கட்டினாலும் பல வாரம் ஆகும். அதுவரை உங்கள் அம்மா தினம் இரண்டு முறை தன் தேய்ந்த மூட்டுகளின் மேல் இன்னொருவர் பாரத்தையும் தாங்கப் போகிறார். முதலில் அதை நிறுத்த வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்து உங்கள் வீட்டுப் படியைத் தாளில் வரைந்து பார்த்தேன். ஏறும்போது படி இடப்பக்கம் திரும்புகிறது, கைப்பிடி உள்பக்கம் மட்டும். அப்படியானால் ஏறும்போது கைப்பிடி அப்பாவின் இடது கைப் பக்கம் வருகிறது. அந்தக் கைக்குத்தான் பிடி இல்லை. வலக்கைப் பக்கம் வெறும் சுவர். இறங்கும்போது அதே கைப்பிடி அவருடைய நல்ல கைக்கு வந்துவிடும். ஏறும்போதுதான் அம்மாவின் கை அதிகம் தேவைப்படுகிறது, தடுமாறியதும் ஏறும்போதுதான் என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆகவே நாளைக்கே ஒரு ஆளைக் கூப்பிட்டு, சுவர்ப் பக்கம் முதல் படிக்கு முன்னாலிருந்து கடைசிப் படி தாண்டும்வரை கைப்பிடி ஒன்று அடித்துவிடுங்கள். ஒன்றரை அங்குலம் உருண்டைக் குழாய் போதும். விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க வர வேண்டும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி இருக்கட்டும். லேண்டிங்கில் விட்டுவிடாமல் அங்கேயும் தொடர வேண்டும். வெல்டிங் வைக்காமல் ஸ்குரூ கழற்றுகிற மாதிரிப் போடச் சொல்லுங்கள், காரணம் பின்னால் வரும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். ஒரு படிக்கு இரண்டு காலும் வந்து சேர்ந்த பிறகே அடுத்த படி. அம்மா கையைப் பிடிக்கவே வேண்டாம். கூட வர ஆள் வேண்டுமென்றால் பலமுள்ள யாராவது, எப்போதும் அப்பாவுக்கு ஒரு படி கீழே நிற்கட்டும். காலையில் ஒரு இறக்கம், இரவு ஒரு ஏற்றம், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். செடிக்குத் தண்ணீர் மேலே இருக்கும்போதே ஊற்றலாம்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிசியோதெரபிஸ்ட் என்று நினைத்துத்தான் பலரும் கூப்பிடுவார்கள். பிசியோதெரபிஸ்டுகள் காலை நடக்க வைப்பார்கள். நடக்கிற அந்தக் காலை வைத்துக்கொண்டு பாத்ரூம் வாசலையும் படியையும் கட்டில் உயரத்தையும் எப்படிச் சமாளிப்பது என்று வீட்டுக்கு வந்து பார்ப்பது எங்கள் வேலை. லிஃப்ட் விற்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதுமில்லை. இதைச் சொல்லக் காரணம், உங்களுக்கு வந்த இரண்டு கொட்டேஷனும் படியை அளந்திருக்கின்றன. அப்பாவை யாராவது அளந்தார்களா?

ஸ்டேர்லிஃப்ட் என்பது படியின் மேல் போல்ட் போட்டு நிறுத்திய தண்டவாளத்தில் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறுகிற ஒரு நாற்காலி. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்பென் என்பவர், படியேற முடியாமல் போன நண்பருக்காக மடக்கு நாற்காலியை உருளைகளில் ஏறவிட்டதிலிருந்து இன்றுவரை அடிப்படை அதேதான். அதனால் படி ஏறுவது என்ற வேலை மட்டும்தான் போகும். உட்காருவது, எழுவது, திரும்புவது, இறங்கி நிற்பது எல்லாம் அவர் பாடுதான். அப்பா அந்த நாலையும் பாதுகாப்பாகச் செய்வாரா என்று தெரியாமல் விலை பேச வேண்டாம்.

அடுத்த முறை திருச்சி போகும்போது இதையெல்லாம் பாருங்கள். கைவைத்த சாதாரண நாற்காலி, உட்காரும் உயரம் பதினெட்டு அங்குலம் போல. வலது கையை மட்டும் ஊன்றி, யாரும் தொடாமல், தொடர்ந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். உட்காரும்போது தொப்பென்று விழுகிறாரா, மெதுவாக இறங்குகிறாரா என்பது எழுவதைவிட முக்கியம். எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் முதலில் டாக்டரிடம் காட்டி, படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைச் சரிசெய்தால் தீர்ந்துவிடலாம். பிறகு ஒரு டார்ச்சைக் கொடுத்து, பட்டனை விடாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த நாற்காலி பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் நகரும், விட்டால் நின்றுவிடும். ஐரோப்பியத் தரவிதியான ஈஎன் 81-40 இதன் வேகத்தை வினாடிக்கு 0.15 மீட்டருக்குள் கட்டிப்போட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் படியையும் லேண்டிங் சுற்றையும் சேர்த்தால் எட்டு மீட்டருக்கு மேல் வரும். திருப்பத்தில் இன்னும் மெதுவாகப் போகும். ஆக மேலே போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேலாகிவிடும். அவ்வளவு நேரம் பொறுமையாக ஒரு விரலை அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

இன்னொன்று, விற்க வருகிறவர் யாரும் கேட்காதது. இடது பக்கம் பலவீனம் என்றால் பாதிப்பு மூளையின் வலது பாதியில். அப்படி வந்தவர்களில் சிலருக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. அப்பா இலையில் சாப்பிட்டு முடித்த பிறகு இடப்பக்க ஓரத்தில் வைத்த உப்பும் ஊறுகாயும் அப்படியே இருக்கிறதா? சவரம் செய்தால் இடது கன்னத்தில் திட்டுத் திட்டாக முடி விட்டுப்போகிறதா? வாசலைக் கடக்கும்போது இடது தோள் நிலையில் இடிக்கிறதா? இருந்தால், நாற்காலி கிளம்பும்போது இடது கால் கால்மிதியில் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும், அது அவருக்கே தெரியாது. இதைச் சொல்லி பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. அப்படி இருந்தால் ஒவ்வொரு முறையும் அம்மா அருகில் நின்று, “கால் உள்ளே, கை மடியில்” என்று பார்த்த பிறகே பட்டனை அழுத்த வேண்டும்; தனியாகப் போகக் கூடாது. இந்த இடப்பக்கக் கவனக் குறை மிக அதிகமென்றால், மறதி நோயும் சேர்ந்தால், ஸ்டேர்லிஃப்டே வேண்டாம் என்பேன்.

இந்தச் சோதனைகளில் அப்பா தேறிவிட்டார் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இரண்டு நேர் லிஃப்ட் வேண்டாம். மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறதே என்று தோன்றும். நேர்த் தண்டவாளம் அலுமினியத்தில் நீளமாகச் செய்து, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்வது. அதனால் விலை குறைவு. வளைந்தது உங்கள் வீட்டுக்கென்றே குழாயை வளைத்துச் செய்வது. விலை வித்தியாசம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு லிஃப்ட் என்றால் கீழே உட்கார்ந்து, லேண்டிங்கில் எழுந்து, அந்த மூன்றடிச் சதுரத்தில் திரும்பி, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, மேலே மறுபடி எழ வேண்டும். கீழே ஒன்பது படியின் பள்ளம், மேலே ஒன்பது படி, நடுவில் ஊன்றுகோலோடு ஒரு மனிதர். மூட்டுவலி மட்டும் உள்ள அம்மாவுக்கு இந்த ஏற்பாடு ஓடும். அப்பாவுக்கு இதைச் செய்து கொடுத்தால், படியில் இருந்த ஆபத்தைக் கொண்டுபோய் லேண்டிங்கில் வைத்த மாதிரிதான். 75,000 தள்ளுபடிக்கு இந்த வாரமே கெடு என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். மூன்று வாரம் கழித்து நீங்கள் கூப்பிட்டால் அதே தள்ளுபடி இருக்கும், சில சமயம் கூடவே இருக்கும்.

வளைந்த தண்டவாளம் என்றால் எந்தச் சுவர்ப் பக்கம்? உள்பக்கக் கைப்பிடியை ஒட்டிச் சுற்றினால் தண்டவாளம் குட்டை. வெளிச்சுற்றில் போட்டால் நீளம், கொஞ்சம் விலையும் கூடலாம். பல இடங்களில் இதை முடிவு செய்வது அளக்க வந்தவருடைய வசதி. உங்கள் வீட்டில் முடிவு செய்ய வேண்டியது அப்பாவின் வலது கை.

நாற்காலியில் சுவருக்கு முதுகு காட்டி, படிக்குக் குறுக்கே பார்த்து உட்கார வேண்டும். தண்டவாளம் ஏறும்போது வலப்பக்கம் வருகிற சுவரை ஒட்டி, அதாவது வெளிச்சுற்றில் இருந்தால், மாடி அவருடைய வலது தோள் பக்கம் இருக்கும். மேலே போய் நின்றதும் நாற்காலியை வலது பக்கமாகத் திருப்பினால் படிப் பள்ளம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், முன்னால் சமதரை, வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் சுவர். அந்தச் சுவரில் செங்குத்தாக ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துவிட்டால் அதைப் பிடித்து எழுந்து நிற்பார். உள்பக்கம் போட்டால் இதெல்லாம் அப்படியே இடம் மாறி, எழும்போது பிடிக்க வேண்டியது பிடிப்பில்லாத கைப் பக்கம் வந்துவிடும். கீழே மட்டும் இந்த ஏற்பாட்டில் சுவர் இடப்பக்கம் அமையும். பரவாயில்லை. அங்கே தரை சமம், நாற்காலியின் வலது கையை ஊன்றி எழலாம். கீழே தடுமாறினால் தரையோடு போகும், மேலே தடுமாறினால் ஒன்பது படி. அதனால் மேல்முனைக்கு எது நல்லதோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாடியில் வலப்பக்கச் சுவர் படியோடு முடிந்துவிடுகிறதா, தொடர்கிறதா என்று அம்மாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுவர் தொடர்ந்தால், தண்டவாளத்தையும் கடைசிப் படியைத் தாண்டி ஒன்றரை, இரண்டு அடி தளத்துக்குள் நீட்டித் தரச் சொல்லலாம். வளைந்த தண்டவாளத்தில் அது முடியும்.

திரும்பும் இருக்கை பற்றி ஒரு வார்த்தை. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால், அந்தப் பாட்டி மேலே போனதும் நாற்காலியைத் திருப்பாமல், கடைசிக்கு முந்தின படியில் கால் வைத்து, அங்கிருந்து ஏறிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “அந்தக் கம்பிய அமுக்க எனக்கு பலமில்ல கண்ணு” என்றார். இருக்கைக்கு அடியில் இருக்கிற நெம்புகோலை அழுத்தி உடம்பால் தள்ளித் திருப்புகிற மாடல் அது. நான் அதை என் கையால் திருப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தேன், அவர் கையால் திருப்பச் சொல்லவில்லை. அதனால் உங்கள் அப்பாவுக்கு மோட்டாரில் தானாகத் திரும்பும் இருக்கையே வேண்டும், கூடுதல் காசு கேட்டாலும். கால்மிதியும் குனிந்து மடக்க வேண்டாத வகையாக இருக்கட்டும். ஓட்டும் பட்டன் வலது கைப்பிடியில். இடுப்பு பெல்ட் ஒரே கையால் இழுத்து மாட்ட வருகிறதா என்று பாருங்கள். காரில் இருப்பதைப் போல இழுத்தால் வருகிற பெல்ட் என்றால் முடியும். இரண்டு முனையையும் பிடித்துப் பூட்டுவது அவரால் ஆகாது. ஆகாத பெல்ட்டை நாலாவது நாள் யாரும் போடுவதில்லை.

ஷோரூம் போகும்போது அப்பாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சென்னைவரை போக வேண்டியிருந்தாலும் போங்கள். அங்கே நாற்காலி உயரம் அவருக்கும் அம்மாவுக்கும் சேர்ந்து வருகிறதா பாருங்கள். அப்பா உயரம், அம்மா குட்டை என்றால் ஒருவருக்கு எழ வசதியான உயரத்தில் இன்னொருவருக்குக் கால் தொங்கும். எடை பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான மாடல்கள் 120 கிலோவரையாவது தாங்குகின்றன.

அகலம் உங்களுக்கு இருக்கிறது. மூன்றடிப் படியில் நாற்காலி வரும். ஆனால் அப்பாவின் தொடை நீளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு அப்பாவை நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார வைத்து, முதுகிலிருந்து கால் பெருவிரல் நுனிவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை அளக்க வருகிறவரிடம் கொடுங்கள். முழங்கால் முழுதாக மடங்கவில்லை என்றால் கால் நீட்டிக்கொண்டு எதிரே உள்ள கைப்பிடிக் கிராதியில் இடிக்கும். அம்மாவையும் அளந்து வையுங்கள், மூட்டு மடங்காத பிரச்சினை அவருக்குத்தான் வர வாய்ப்பு. நாற்காலியை மடக்கி நிறுத்தினால் படியில் ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வழி மிஞ்சும். வீட்டு வேலைக்கு வருகிறவர் வாளியோடு அதில்தான் ஏற வேண்டும். இப்போது அடிக்கச் சொன்னேனே சுவர்க் கைப்பிடி, அது இருந்தால் நாற்காலி இன்னும் மூன்றரை அங்குலம் நடுப்படிக்குத் தள்ளி வரும். அதனால்தான் கழற்றுகிற மாதிரி என்றேன். லிஃப்ட் வந்த பிறகு அம்மா உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்து நடப்பார்.

கிரானைட்டுக்கு வருவோம். தண்டவாளத்தின் கால்கள் சுவரில் நிற்பதில்லை, படியில்தான் நிற்கும். நம் ஊரில் கான்கிரீட் சரிவின் மேல் செங்கல் கட்டிப் படியாக்கி, அதன் மேல் கலவை பரப்பிக் கல் ஒட்டுகிறார்கள். கல்லுக்கு அடியில் கலவை முழுதாகப் பரவாத இடங்களில் வெற்றிடம் இருக்கும். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, ஒவ்வொரு படியிலும் சுவர் ஓரமாக ஒரு கோடு போகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் ‘டிக்’ என்று நின்றுவிடும். வெற்றிடம் இருக்கிற இடத்தில் ‘டொக்’ என்று மரப்பெட்டி போல ஒலிக்கும். அந்தப் படிகளில் சாக்பீஸில் வட்டம் போட்டு வையுங்கள். அங்கே துளை போட்டால் கல் விரிசல் விடும், போல்ட்டும் பிடிக்காது. கால்களைப் பக்கத்துப் படிக்கு மாற்றி வடிவமைக்கச் சொல்லலாம், இல்லையென்றால் முன்கூட்டியே கொத்தனாரை விட்டு அந்தக் கல்லைப் பெயர்த்து ஒட்ட வேண்டும். கல்லில் துளை போடும்போது அதிர்வு டிரில் கூடாது. வைர முனையில் தண்ணீர் விட்டுத் துளைத்து, கல்லைத் தாண்டிய பிறகே அதிர்வு டிரில். உடைந்த கல்லுக்கு யார் பொறுப்பு என்று கொட்டேஷனில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு கட்டி இருபது வருடமானால் அதே நிறக் கல் கிடைக்காது.

கீழே முதல் படிக்கு முன்னால் தண்டவாளம் ஒரு அடி போல நீட்டிக்கொண்டு நிற்கும். பூஜை அறை வாசல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இடிக்கும் என்றால் சுவரோடு திருப்பிக் கொண்டுபோய் ஓரமாக நிறுத்துகிற வளைவு போடலாம், அதற்கும் தனிக் காசு. விளக்கேற்றப் போகிற அம்மா தினமும் அதில் கால் தட்டுவதைவிட அது மேல்.

கரண்ட் போனால் நடுவில் நின்றுவிடுமா என்று எல்லாரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இன்றைய ஸ்டேர்லிஃப்ட் ஓடுவது பேட்டரியில். பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு உள்ளே இருக்கும். வீட்டு மின்சாரம் அதை சார்ஜ் செய்ய மட்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் சில தடவை ஏறி இறங்கலாம். சிக்கல் வேறு இடத்தில். நம் வீடுகளில் ஊருக்குப் போகும்போது ஒரு சுற்று வந்து எல்லா சுவிட்சையும் அணைப்பது பழக்கம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படி அணைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். அம்மையார் உட்கார்ந்து ஆறு படி ஏறியதும் நாற்காலி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து கையால் சுற்றும் சக்கரத்தை மாட்டிச் சுற்றி, அங்குலம் அங்குலமாக இறக்கினான். சார்ஜர் சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, ‘அணைக்காதே’ என்று எழுதி வையுங்கள். நாற்காலியை இஷ்டத்துக்கு நடுப்படியிலும் நிறுத்தக் கூடாது, சார்ஜ் ஏறும் முனை பெரும்பாலும் மேலும் கீழும்தான். சுற்றும் சக்கரம் எங்கே இருக்கிறது, யார் சுற்றுவது என்பதைப் பொருத்திக் கொடுக்கும் அன்றே ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். சில வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டிவரும், அதன் விலையை இப்போதே கேளுங்கள்.

அம்மா புடவை கட்டுகிறவர் என்றால் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு உட்காரட்டும். அப்பா வேட்டியைத் தழையத் தழையக் கட்டினால் அதையும் மடித்துக்கொள்ளட்டும். தண்டவாளத்தின் பற்கள் துணியை விடாது. கால்மிதி ஓரத்தில் எதிலாவது இடித்தால் தானே நிற்கும் சென்சார் உண்டு. படியில் விட்டுப்போன செருப்பு போன்றவற்றில் இடித்தால் அது பார்த்துக்கொள்ளும். துணி மெல்லியது, அதை உணராது. பேரப்பிள்ளைகள் வந்தால் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள், சவாரி போகாமல் இருக்க மாட்டார்கள்.

உங்கள் கணவர் சொன்ன ஹோம் லிஃப்டைத் தள்ளிவிட முடியாது. அது நின்றபடியே போகலாம், அளவு பெரிதாக இருந்தால் சக்கர நாற்காலியோடும் போகலாம். ஆனால் மாடித் தளத்தை வெட்ட வேண்டும். எங்கே பீம் ஓடுகிறது என்று கட்டட இன்ஜினீயர் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் தூசியும் ஆட்களும். நான் இப்படி யோசிப்பேன்: பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகி, நடை அதே நிலையில் இருக்கிறது, கூடக் குறைய இல்லை என்றால் ஸ்டேர்லிஃப்ட் சரி. மாதத்துக்கு மாதம் நடை குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் ஓரிரு வருடத்தில் சக்கர நாற்காலி என்று நரம்பியல் டாக்டர் நினைக்கிறார் என்றால், ஸ்டேர்லிஃப்டில் போடுகிற பணம் வீண். சக்கர நாற்காலியிலிருந்து இதற்கு மாறி, மேலே இன்னொரு சக்கர நாற்காலிக்கு மாறுவது ஒருவர் தனியாகச் செய்கிற வேலை அல்ல. டாக்டரிடம் இந்தக் கேள்வியை இப்படியே கேளுங்கள். ‘அப்பா எப்படி இருக்கிறார்’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறார்’ என்றுதான் சொல்வார்.

எந்த லிஃப்ட் போட்டாலும் போடாவிட்டாலும், கீழே ஒரு பாத்ரூம் கட்டிவிடுங்கள். பகலெல்லாம் கூடத்தில் இருக்கிறவர், சிறுநீர் வந்தால் மேலே ஓட வேண்டும் என்ற நிலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார். இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்டோர் ரூமில் மேலை நாட்டுக் கழிப்பறையும், வலது கைக்கு ஒரு கைப்பிடிக் கம்பியும், வழுக்காத தரையும் போதும். லிஃப்ட் பழுதாகி நாலு நாள் ஆள் வராத சமயம் கூடத்தில் ஒரு கட்டில் போட்டுப் படுக்கவும் அதுவே வழி. சொல்லப்போனால், மாடியை விட்டு வர அப்பாவுக்குச் சம்மதமென்றால் இதோடு முடித்துவிடலாம். தொட்டிச் செடிகளைக் கீழே கொண்டுவர எட்டு லட்சம் ஆகாது. ஆனால் அந்த முடிவு அவருடையது. மாடிக் காற்றில் இருபது வருடம் படுத்துப் பழகிய மனிதரைக் கீழே ஸ்டோர் ரூம் பக்கம் படுக்க வைத்துவிட்டு ‘பாதுகாப்பாக இருக்கிறார்’ என்று நாம் நிம்மதியாக இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நேராக அவரிடமே கேளுங்கள், அம்மா வழியாகக் கேட்க வேண்டாம்.

பணம் கட்டும் கட்டம் வந்தால் சிலவற்றைக் கறாராகப் பேசுங்கள். கொட்டேஷனில் ஜிஎஸ்டி, போக்குவரத்து, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்த தொகையா? தண்டவாளத்தின் வரைபடத்தைத் தயாரிப்புக்கு முன் உங்களுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்களா? அதில் எந்தச் சுவர், மேலே எவ்வளவு நீட்டம், எங்கே நிற்கும் என்பதை நீங்களே சரிபாருங்கள், வளைத்த குழாயை மறுபடி நிமிர்த்த முடியாது. மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஒரு நல்ல பங்கு, அப்பா உட்கார்ந்து ஏறி இறங்கிக் காட்டிய பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ஆள் எங்கே இருக்கிறார்? சென்னையில் என்றால், அழைத்தால் எத்தனை நாளில் திருச்சி வருவார், ஒப்பந்தத்தில் எழுதித் தருவாரா? திருச்சி, தஞ்சாவூர் பக்கம் அவர்கள் பொருத்திய இரண்டு வீடுகளைக் கேட்டு, நேரில் போய், “பழுதானபோது என்ன ஆச்சு” என்று அந்த வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். “நல்லா ஓடுதா” என்று கேட்பதில் புண்ணியமில்லை.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் மகளாக நீங்கள் கேட்டு வைக்க வேண்டியது இன்னொன்று. ஒரு நாள் இது தேவைப்படாமல் போகும். நேர்த் தண்டவாளத்தை இன்னொரு வீட்டில் வெட்டிப் பொருத்தலாம், அதனால் பழசுக்கு ஓரளவு விலை உண்டு. வளைந்த தண்டவாளம் உங்கள் படியைத் தவிர வேறெங்கும் பொருந்தாது. நாற்காலியும் மோட்டாரும் மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எவ்வளவுக்கு என்று இப்போதே கேட்டுவிடுங்கள். யாரோ விற்கிற பழைய வளைந்த லிஃப்ட் பாதி விலைக்கு வருகிறதென்று உறவினர் யாராவது சொன்னால், அதே காரணத்துக்காக வேண்டாம் என்றுவிடுங்கள்.

பொருத்தி முடித்த பிறகு ஒரு வாரம் நீங்கள் திருச்சியில் இருக்கிற மாதிரி லீவு போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் வெறும் நாற்காலியை ரிமோட்டில் நாலு முறை மேலும் கீழும் அனுப்புங்கள், அப்பா கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்து அம்மா போகட்டும். அவருக்கும் மூட்டுவலிதானே, கூச்சப்பட்டு ‘எனக்கெதுக்கு’ என்பார், விடாதீர்கள். பிறகு அப்பா, நீங்கள் பக்கத்துப் படியில் கூடவே ஏறிக்கொண்டு. மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று இரண்டு ஊன்றுகோல் வாங்கி வையுங்கள். ஒரே கோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஏறினால் திருப்பத்தில் அது கிராதியில் மாட்டும். மேலே போனதும் இருக்கை திரும்பி முழுதாக நின்று, பூட்டு விழுகிற சத்தம் ‘க்ளிக்’ என்று கேட்கும். அது கேட்டபிறகு பெல்ட், பெல்ட் கழன்றபிறகு கம்பி, அதன் பிறகே எழுவது. அந்த வரிசை அவர் வாயிலிருந்தே வரும்வரை ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்லுங்கள். அப்பா அளவு, நாணயம் தட்டியதில் ‘டொக்’ என்று ஒலித்த படிகளின் எண்ணிக்கை, மாடிச் சுவரின் போட்டோ, டாக்டர் சொன்னது, இந்த நாலும் கையில் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். வரைபடம் கையெழுத்துக்கு வரும்போது அதையும் ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.